கதையில்லாத் தெய்வம்

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பு மாணவருக்குக் கிரேக்கப் புராணங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நேர்ந்தது. ஒலிம்பஸ் மலையில் வீற்றிருந்த தெய்வங்களின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஸீயஸின் காதல்கள், ஹேராவின் பொறாமை, தந்தையின் தலையிலிருந்து படைக்கலத்தோடு குதித்த அதீனா, வலைக்குள் அகப்பட்டு நகைப்புக்கிடமான அப்ரொடைற்றி என்று பேச்சு வளர்ந்தது. மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எல்லாருக்கும் கதை சொன்னீங்கள். ஹெஸ்தியாவுக்கு மட்டும் அடுப்புக்குத் தெய்வம் எண்டு ஒரு சொல்லோட விட்டிட்டீங்கள். அவவுக்குக் கதை ஒண்டும் இல்லையோ?" என்றாள்.

ஆசிரியத் தொழிலில் பழகியவர்கள் அறிவார்கள்: இப்படியான கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. எப்போதோ படித்த ஒரு கதை நினைவுக்கு வந்தது. அதனை எடுத்து விட்டேன். டயோனிசஸ் என்னும் மதுத் தெய்வம் ஒலிம்பஸுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஆசனங்கள் பன்னிரண்டே இருந்தனவாம், பதின்மூவருக்கு இடமில்லையாம், பூசல் நேரலாகாது என்று கருதிய ஹெஸ்தியா தன் ஆசனத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் அடுப்பருகே போய் அமர்ந்துகொண்டாளாம். மாணவி திருப்தியோடு உட்கார்ந்தாள். மணியும் அடித்தது.

அன்றிரவு அக்கதையின் மூலம் எங்கே இருக்கின்றது என்று தேடத் தொடங்கினேன். ஹெசியொட் அதனைச் சொல்லவில்லை. ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாக்கள் சொல்லவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் கோயில் கோயிலாகத் திரிந்து, கண்டதையும் கேட்டதையும் விடாமல் எழுதிவைத்த பௌசானியஸும் சொல்லவில்லை. பழைய நூல் எதிலும் அது இல்லை. 1955இல் வெளிவந்த றொபேட் கிறேவ்ஸ் என்பாரின் கிரேக்கப் புராணத் தொகுப்பு அதனை உலகெங்கும் பரப்பியது. அங்கிருந்து சிறுவர் நூல்களும் கைந்நூல்களும் எடுத்துக்கொண்டன. கிறேவ்ஸ் நல்ல கவிஞர். கவிஞருக்கு இடைவெளியைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடிவதில்லை.

இடைவெளி ஒன்று இருந்தது உண்மை. பன்னிரு தெய்வங்கள் என்ற தொகை பழையது. ஆனால் அப்பன்னிருவர் யார் என்பதில் ஊருக்கூர் வேறுபாடு உண்டு. அதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலின் கீழ்ப்புறச் சிற்ப வரிசையில் தெய்வங்கள் கூடி அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடையே டயோனிசஸ் இருக்கின்றான், ஹெஸ்தியா இல்லை. பிளேட்டோவோ தமது ‘பைத்ரஸ்’ என்னும் உரையாடலில், ஸீயஸின் தலைமையில் தெய்வங்கள் பதினோரு அணிகளாக வானவீதியில் உலாப் போக, ஹெஸ்தியா ஒருத்தி மட்டும் தெய்வங்களின் மனையிலே தங்கிவிடுகின்றாள் என்கிறார். அவளும் பன்னிருவருள் ஒருத்தியே. உலாவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ஒருபுறம் இச்சிற்பம், மறுபுறம் இந்நூல். இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் அந்த ஆசனக் கதை முளைத்தது போலும்.

முளைத்தால் என்ன, அழகான கதைதானே என்று கேட்பாருளர். அழகானதுதான். ஆயினும் அது யாருக்கு வசதியான கதை என்பதையும் பார்க்கவேண்டும். நல்லவளாகிய பெண், சபையில் தனக்குரிய இடத்தைப் பின்னால் வந்த ஆடவனுக்குக் கொடுத்துவிட்டு, முணுமுணுக்காமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இதனை ஒரு வகுப்பில், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் இருந்த வகுப்பில், கிரேக்கரின் வாக்கு என்று சொல்லி வந்துவிட்டேன். கிரேக்கர் சொன்னது இதற்கு முற்றிலும் மாறானது என்பதைக் கண்டபோது எனக்கு உறக்கம் வரவில்லை. ஆதலின் இக்கட்டுரையை என் திருத்தம் என்றே கொள்க.

பழைய நூல்கள் அவளைப் பற்றிக் கூறுவது மிகச் சிறிது. குரொனஸ், ரேயா என்போரின் பிள்ளைகளைப் பட்டியலிடும் ஹெசியொட் ஹெஸ்தியாவின் பெயரை முதலில் வைக்கின்றார். குரொனஸ் தன் பிள்ளைகளைப் பிறந்தவுடன் விழுங்கியவன். முதற்பிள்ளையாகிய அவள் முதலில் விழுங்கப்பட்டாள். பின்னர் அவன் கக்கியபோது கடைசியாக வெளிவந்தாள். ஆகவே அவள் மூத்தவளும் இளையவளும் ஆவாள். அப்ரொடைற்றியைப் பற்றிய துதிப்பாவிலே அவளுக்கென ஒரு சில அடிகள் இருக்கின்றன. அவற்றின் செய்தி இதுதான்: பொசைடனும் அப்பொல்லோவும் அவளை மணம் கேட்டு வந்தனர். அவள் உறுதியாக மறுத்தாள். ஸீயஸின் தலையைத் தொட்டு, என்றும் கன்னியாகவே இருப்பேன் என்று பெருஞ்சூளுரைத்தாள். திருமணத்துக்கு ஈடாக ஸீயஸ் அவளுக்கு ஒரு பரிசளித்தான்: வீட்டின் நடுவிடம் அவளுக்கு, படையலின் கொழுத்த பங்கு அவளுக்கு, தெய்வங்களின் கோயில்கள் அனைத்திலும் மதிப்பு அவளுக்கு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இக்காலக் கதையில் அவள் இருக்கையை இழக்கிறாள். பழைய பாட்டில் அவள் கடலரசனையும் கதிர்த் தெய்வத்தையும் வேண்டாம் என்று சொல்லி இருக்கையைப் பெறுகிறாள். அடுப்பருகே அவள் அமர்ந்தது, தான் கேட்டு வாங்கிய உரிமை.

நம் கைந்நூல்களில் மற்றொரு வழக்கும் உண்டு. ஹெஸ்தியாவை இல்லத்தரசியரின் இலட்சிய வடிவம் என்று எழுதிவிடுவார்கள். இதுவும் அவசர எழுத்தே. இல்லத்தரசி மனைவியன்றோ? ஹெஸ்தியா யாருக்கும் மனைவியல்லள், தாயுமல்லள். பிறந்த குடும்பத்தின் மனையில், உடன்பிறந்தானின் வீட்டில், தன் உரிமையில் நிலைத்திருந்தவள். கிரேக்கப் பெண்களுள் ஏறக்குறைய எவளுக்கும் கிட்டாத நிலை அது. அங்கே பெண்ணாகப் பிறந்தவள் பதினான்கு, பதினைந்து வயதளவில் தந்தையின் அடுப்பை விட்டு எழுந்து, அறியாத ஒருவனின் அடுப்புக்குப் போகவேண்டியவள். மட்டக்களப்புப் பக்கத்திலே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வதைக் கண்டு பழகிய நம்மவர்க்கு இது முதலில் உறைக்காமற் போகலாம். கிரேக்க மணத்தின் நடு நிகழ்ச்சியே பெண்ணை இடம்பெயர்த்துக் கொண்டுபோவதுதான்.

அப்படிப் போன மணமகளுக்குப் புது வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளை அடுப்பருகே அழைத்துச் சென்று, தலைமேல் உலர்ந்த அத்திப்பழங்களையும் கொட்டைப் பருப்புகளையும் சொரிந்தார்கள். வீட்டுக்குப் புதியவளை அடுப்பு ஏற்றுக்கொண்டது என்பதற்கு அடையாளம் அது. இனிய சடங்கு என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் ‘புளூட்டஸ்’ நாடகத்தையும் அதற்குப் பழைய உரைகாரர் எழுதிய குறிப்புகளையும் பார்த்தால், அதே அடுப்பருகே அதே பழமும் பருப்பும் வேறொருவரின் தலையிலும் சொரியப்பட்டமை தெரிகிறது. சந்தையில் விலைக்கு வாங்கி முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமையே அவர். மணமகளுக்கும் அடிமைக்கும் ஒரே சடங்கு! இருவரும் அயலிடத்திலிருந்து வந்து இந்த நெருப்புக்கு உரியவராக்கப்படுவோர் என்பதே அதற்குக் காரணம்.

பிரெஞ்சு அறிஞர் ழான் பியேர் வெர்னான் 1963இல் ஹெஸ்தியாவையும் ஹெர்மிஸையும் இணைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒலிம்பியாவிலே ஸீயஸின் பேருருவத்தின் பீடத்தில் பீடியாஸ் இவ்விருவரையும் அடுத்தடுத்து அமைத்திருந்தான். அதிலிருந்து தொடங்குகிறார் வெர்னான். ஒருத்தி நிலைத்திருப்பவள், மற்றவன் வழிப்போக்கன். வெளி என்பதைக் கிரேக்கர் இவ்விருவராலும் எண்ணிப் பார்த்தனர் என்பது அவர் துணிபு. மனையின் நிலைப்பேறு பெண்ணுருவில் நிற்கிறது. மனையின் பெண்களோ இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகையால்தான் அடுப்பின் தெய்வம் கன்னியாக இருக்கவேண்டியதாயிற்று என்கிறார். அவர் தருக்கத்தில் சிலவிடங்கள் எனக்கு மிகவும் நேர்த்தியாகத் தோன்றுகின்றன. வாழ்க்கை அத்தனை நேர்த்தியானதல்ல. எனினும் இந்த ஒரு முரண்பாட்டை அவர் சரியாகவே பிடித்தார். ஆண் வாரிசின்றி ஒருவன் இறந்தால் அவன் மகளைத் தந்தைவழி நெருங்கிய உறவினன் ஒருவன் மணந்து, அவள் வயிற்றுப் பிள்ளையால் அவ்வீட்டைக் காக்கவேண்டும் என்று அதென்ஸில் சட்டம் இருந்தது. தந்தையின் அடுப்பு அணையாதிருக்க மகளைப் பிணைத்துவைத்த சட்டம். அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. ஹெஸ்தியா தானே விரும்பி இருந்தாள்.

நிற்க. கதையில்லாத தெய்வத்துக்கு வழிபாடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது தகாது. கிரேக்கரிடையே "ஹெஸ்தியாவிலிருந்து தொடங்கு" என்றொரு பழமொழி வழங்கியது. விருந்தில் மதுவை வார்க்கும்போது முதல் வார்ப்பும் கடைசி வார்ப்பும் அவளுக்கு என்று மற்றொரு துதிப்பா கூறுகிறது. ஒலிம்பியா ஸீயஸின் ஊர். அவன் பெயரால் விளையாட்டு விழா நடந்த இடம். அங்கேயுங்கூட எலிஸ் நாட்டார் முதற் பலியை ஹெஸ்தியாவுக்கும் இரண்டாவதை ஸீயஸுக்கும் இட்டனர் என்று பௌசானியஸ் எழுதுகிறார். அவ்வூர் மன்றத்து மனையில் சாம்பலாலேயே ஆன ஓர் அடுப்பு இருந்தது. இரவும் பகலும் அதில் தீ எரிந்தது. ஆண்டுக்கொரு முறை அச்சாம்பலை எடுத்து, அல்பேயஸ் ஆற்று நீரிற் குழைத்து, ஸீயஸின் பெரும் பலிபீடத்தின் மேல் பூசினார்கள். தெய்வ அரசனின் பீடம் ஆண்டுதோறும் உயர்ந்தது ஹெஸ்தியாவின் சாம்பலால் என்பதை எண்ணிப் பார்க்கையில், ஆசனம் இழந்த கதை இன்னும் சிறுத்துப் போகின்றது. (இக்கால ஒலிம்பிக் தீப்பந்த ஓட்டத்துக்கும் இந்த அடுப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அவ்வோட்டம் 1936இல் பேர்லின் விளையாட்டு விழாவுக்காகப் புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அதையும் பண்டை வழக்கம் என்று வகுப்பில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.)

புராணம் வேறு, சமயம் வேறு என்பதை நாம் வாயளவில் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பாடம் சொல்லும்போது கதை நிறைந்த தெய்வத்தைப் பெரிய தெய்வம் என்றும், கதையற்றதைச் சிறு தெய்வம் என்றும் நம்மை அறியாமலே வரிசைப்படுத்திவிடுகிறோம். கதை சொல்லும் ஹோமரின் இரு பெருங்காப்பியங்களிலும் ஹெஸ்தியா என்ற தெய்வம் ஓரிடத்திலும் தோன்றுவதில்லை. ஆனால் ‘ஒடிசி’யிலே சூளுரைக்கும் மனிதர் ஸீயஸையும், விருந்து மேசையையும், ஒடிசியஸின் வீட்டு அடுப்பையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அடுப்பைத் தொட்டுச் சொன்ன சொல் தவறாது என்ற நம்பிக்கைக்குக் கதை எதற்கு?

இங்கே சொல் பற்றி ஒரு வார்த்தை. ‘ஹெஸ்தியா’ என்பது கிரேக்க மொழியில் அடுப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல். தெய்வத்தின் பெயரும் அதுவே. ஓர் அடியில் வரும் அச்சொல் தெய்வத்தைக் குறிக்கின்றதா, அடுப்பைக் குறிக்கின்றதா என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல இயலாது. பிரிக்கவேண்டும் என்று கிரேக்கர் நினைத்ததாகவும் தெரியவில்லை. தமிழில் இதனை எழுதுவோர் சிலர் ‘வேள்விக் குண்டம்’ என்றும், சிலர் ‘அக்கினி தேவதை’ என்றும் எழுதிவிடுகின்றனர். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. முன்னையது புரோகிதரைக் கொண்டுவந்து விடுகிறது. பின்னையது தீயைத் தெய்வமாக்குகிறது. ஹெஸ்தியா தீயல்லள், தீ இருக்கும் இடம். சோறு வேகும் இடம், குளிர் காயும் இடம், பலி இடும் இடம் எல்லாம் அது ஒன்றே. ‘அடுப்பு’ என்ற நம் வீட்டுச் சொல்லுக்குக் கௌரவம் போதாது என்று கருதுவோருக்கு ஹெரக்கிளீட்டஸைப் பற்றி அரிஸ்டோட்டில் சொன்ன செய்தியைக் காட்டுவேன். அம்மேதையைப் பார்க்க வந்த அயலூரார், அவர் அடுப்பங்கரையில் குளிர் காய்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, இந்நிலையில் உள்ளே போவதா என்று தயங்கி நின்றார்களாம். அஞ்சாமல் வாருங்கள், இங்கேயும் தெய்வங்கள் உண்டு என்றாராம் அவர்.

அடுப்பு யாரை ஏற்றது என்பதைப் போலவே யாரை ஏற்கவில்லை என்பதும் நம் கவனத்துக்கு உரியது. குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் என்பர் சிலர், ஏழாம் நாள் என்பர் சிலர். அன்று அதனைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடுவார்கள். அதன் பின்னரே அது வீட்டுப் பிள்ளை. அதற்கு முன் அதனை வளர்ப்பதா, வெளியே போட்டுவிடுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் தந்தைக்கு இருந்தது. பிளேட்டோவின் ‘தெயெத்தேத்தஸ்’ உரையாடலில் சோக்கிரதீஸ் ஒரு புதிய கருத்தைப் பிறந்த குழந்தைக்கு ஒப்பிட்டு, இதனைச் சுற்றிக்கொண்டு ஓடிப் பார்ப்போம், வளர்க்கத் தக்கதா என்று சோதிப்போம் என்கிறார். உவமையாகச் சொன்னார், நகைச்சுவையாகவும் சொன்னார். கேட்ட இளைஞருக்கு அது எத்தனை சாதாரணமான நடைமுறையாக இருந்திருந்தால் அப்படி உவமிக்க முடியும்!

பிறந்த பிள்ளைக்கு இப்படிக் கண்டிப்பாக இருந்த அதே அடுப்பு, அடைக்கலம் தேடி வந்த அந்நியனுக்குத் திறந்திருந்தது. பேயாகியர் தீவில் ஒடிசியஸ் அரசியிடம் இரந்துவிட்டு, அடுப்பருகே சாம்பலிலே போய் உட்கார்ந்துகொள்கிறான். சபை திகைத்துப் பேச்சற்றிருக்கிறது. எக்கெனேயஸ் என்னும் முதியவர், விருந்தாளி சாம்பலில் இருப்பது நமக்கு அழகல்ல என்று நினைவூட்டுகிறார். அரசன் அல்கினூஸ் அவன் கையைப் பிடித்து எழுப்பி, தன் அருமை மகனை எழச்செய்து அவ்வாசனத்தில் அமர்த்துகிறான். இது காப்பியம். வரலாற்றிலும் இப்படி ஒன்று நடந்தது. பாரசீகரைக் கடற்போரில் வென்ற தெமிஸ்தொக்கிளிஸ், பின்னாளில் சொந்த ஊராரால் துரத்தப்பட்டு, மொலொசிய அரசன் அத்மீத்தஸின் வீட்டுக்கு ஓடினான். தான் செல்வாக்கோடிருந்த காலத்தில் அந்த அரசனின் வேண்டுகோள் ஒன்றை எதிர்த்தவன் அவன், அங்கே நண்பனல்லன். அரசன் வெளியே போயிருந்தான். அரசி, தங்கள் குழந்தையை அவன் கையில் கொடுத்து, அடுப்பருகே உட்கார்ந்துகொள் என்று வழி சொல்லிக்கொடுத்தாள். திரும்பி வந்த அரசன் அவனை எழுப்பினான். பின்னர் அதென்ஸும் ஸ்பார்த்தாவும் ஆள் அனுப்பிக் கேட்டபோதும் கொடுக்க மறுத்தான். இதனை எழுதிய துசிடிடீஸ் உணர்ச்சிப் பெருக்குக்கு இடங்கொடாதவர். அந்த அரசியின் பெயரை அவர் எழுதவில்லை.

வீட்டுக்கு அடுப்பு இருந்ததுபோல நகரத்துக்கும் ஓர் அடுப்பு இருந்தது. ‘புரித்தனேயம்’ என்று அழைக்கப்பட்ட மன்றத்து மனையில் அது எரிந்தது. நகரத்துக்குப் பெருமை சேர்த்தோருக்கும் அயல்நாட்டுத் தூதுவருக்கும் அங்கே உணவிட்டனர். கி.மு. 399இல் மரண தண்டனைக்கு ஈடாக வேறு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்கப்பட்ட சோக்கிரதீஸ், எனக்குப் புரித்தனேயத்தில் இலவசச் சாப்பாடு போடுங்கள் என்று சொல்லி நடுவரைச் சினமூட்டியது யாவரும் அறிந்ததே. அணையாத் தீயைக் காத்தவர்கள் உரோமாபுரியின் வெஸ்தாக் கன்னியரைப் போன்ற இளம்பெண்கள் அல்லர். கிரேக்க நாட்டில் டெல்பியிலும் அதென்ஸிலும் அத்தகைய தீயை மணப்பருவம் கடந்த கைம்பெண்கள் காத்தனர் என்று புளுட்டாக் எழுதுகிறார். வெஸ்தாவையும் ஹெஸ்தியாவையும் ஒன்றாக்கி எழுதும் கைந்நூல்கள் இந்த விவரத்தைத் தவற விடுகின்றன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இனிமேல் போகவேண்டாதவர்கள் என்பதாலேயே அப்பணி அவர்கள் கைக்கு வந்தது என நான் எண்ணுகிறேன்.

அத்தீ எத்துணைத் தூய்மையுடையதாகக் கருதப்பட்டது என்பதற்கு அவரே ஒரு சான்று தருகிறார். கி.மு. 479இல் பிளாத்தேயாப் போரில் பாரசீகர் தோற்றபின், அவர்கள் தங்கிய நாட்டிலுள்ள நெருப்பெல்லாம் மாசுற்றது, யாவற்றையும் அணைத்துவிட்டு டெல்பியின் பொது அடுப்பிலிருந்து புதுத் தீ கொண்டுவருக என்று தெய்வவாக்கு வந்தது. எயூக்கிதாஸ் என்ற பிளாத்தேயன் ஓடினான். டெல்பிக்குப் போய், தீயைப் பெற்றுக்கொண்டு, ஆயிரம் ஸ்தாதியத் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 180 கிலோமீற்றரை, ஒரே பகலில் ஓடிக் கடந்து, ஞாயிறு மறையுமுன் ஊர் சேர்ந்தான். தீயைக் கையளித்தான். விழுந்து இறந்தான். மரதன் ஓட்டத்தைப் பாடும் நாம் இவனை ஏனோ மறந்தோம்.

கடல் கடந்து புது ஊர் அமைக்கப் போனவர்கள் தாய் நகரத்துப் புரித்தனேயத்திலிருந்து தீ எடுத்துச் சென்றனர் என்று பிற்கால அகராதிகாரர் கூறுவர். அந்தத் தீ போன வழியைத்தான் ஹெரொடோட்டஸ் நம்மை ஒருமுறை நின்று பார்க்கவைக்கிறார். ஆசியக் கரையில் குடியேறிய அயோனியருள் அதென்ஸின் புரித்தனேயத்திலிருந்து நேராகப் புறப்பட்டு வந்தவர்கள் தாமே, குலத்தில் உயர்ந்தவர் என்று பெருமை பேசினார்களாம். அவர்கள் பெண்களை உடன் கொண்டுவரவில்லை. வந்த இடத்தில் காரிய நாட்டு ஆடவரைக் கொன்று, அவர்களின் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். தந்தையரையும் கணவரையும் பிள்ளைகளையும் கொன்றவர்களோடு வாழ நேர்ந்த அப்பெண்கள் தமக்குள் ஓர் ஆணை செய்துகொண்டார்கள்: கணவரோடு அமர்ந்து உண்பதில்லை, கணவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இவ்வாணையைத் தாய் மகளுக்குக் கொடுத்தாள். இது மிலேத்தஸ் நகரில் நடந்தது என்று ஹெரொடோட்டஸ் இடமும் சுட்டுகிறார். நம் பாட்டிமார் கணவன் பெயரைச் சொல்லாததோடு இதனைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். அவர்கள் மதிப்பினால் சொல்லவில்லை. மிலேத்தஸின் பெண்கள் மறக்க மறுத்ததால் சொல்லவில்லை.

நான் இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். அடுப்பைப் பற்றிய பகுதி என்று இதுவரை எண்ணியதில்லை. இப்போது எண்ணுகிறேன். அதென்ஸின் நடுவிலிருந்து தெய்வத்தன்மையோடு புறப்பட்ட நெருப்பு, மிலேத்தஸில் ஒரு வீட்டின் நடுவில் எரிகிறது. அதன் மீது உணவு வேகிறது. சமைத்தவள் எடுத்து வைக்கிறாள். உண்பவனோடு உட்கார மறுக்கிறாள். அடுப்பருகே தலையில் பழத்தைச் சொரிந்து ஒருத்தியை வீட்டுக்கு உரியவளாக்கிவிடலாம் என்று நம்பிய சமயத்துக்கு, அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலைமேலே மணத்தை மறுத்த ஹெஸ்தியாவுக்கு ஸீயஸ் இடமளித்தான். இவர்களுக்கு மறுக்க எஞ்சியிருந்தது ஒரு பெயரும் ஒரு பந்தியுமே.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். யூரிப்பிடீஸின் ‘அல்கெஸ்திஸ்’ நாடகம் கி.மு. 438இல் அரங்கேறியது. கணவனுக்குப் பதிலாகத் தான் சாக ஒப்புக்கொண்ட அல்கெஸ்திஸ், இறுதி நாளில் நீராடி, நல்லாடை புனைந்து, ஹெஸ்தியாவின் முன் நின்று வணங்குகிறாள். தாயற்றுப் போகும் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், மகனுக்கு அன்புள்ள மனைவியும் மகளுக்கு நல்ல கணவனும் வாய்க்கட்டும் என்று வேண்டுகிறாள். வந்து சேர்ந்த வீட்டின் அடுப்பு அவளுக்குத் தாயைப் போல ஆகிவிட்டது. பணிப்பெண் ஒருத்தி வந்து இதனைச் சொல்லும்போது கேட்போர் கண் கலங்கும். இரண்டும் கிரேக்க நாட்டிலேதான் நடந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இத்தனை பேசும்போது ஒவ்வொரு கிரேக்க வீட்டின் நடுவிலும் பெரிய அடுப்பொன்று கட்டப்பட்டிருந்ததாக வாசகர் கற்பனை செய்திருப்பர். 1864இல் ‘பண்டை நகரம்’ என்ற நூலை எழுதிய பியுஸ்தெல் தெ கூலாஞ்சும் அப்படியே கருதி, சொத்து, சட்டம், நகரம் யாவும் வீட்டடுப்பிலிருந்தே பிறந்தன என்று வாதித்தார். மண்வெட்டி வேறு கதை சொல்கிறது. பைலோஸ் என்ற ஊரில் 1939இல் காள் பிளெகன் கண்டுபிடித்த பழைய அரண்மனையின் நடுக்கூடத்தில் ஏறத்தாழ 4 மீற்றர் குறுக்களவுள்ள வட்ட அடுப்பு உண்டு. விளிம்பில் தீச்சுடர் தீட்டியிருக்கிறார்கள். அது கி.மு. 1200ஐ ஒட்டி எரிந்து அழிந்த காலத்தின் அரண்மனை. அதற்கு எட்டு நூற்றாண்டு பின்னர், கி.மு. 348இல் மக்கெதோனிய அரசன் பிலிப் அழித்த ஒலிந்தஸ் நகரத்தில், 1928 முதல் 1938 வரை நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் கட்டிய அடுப்பே கிடையாது. மக்கள் மண்ணால் ஆன தணற்சட்டிகளை வைத்திருந்தார்கள். சமையலுக்கு முற்றத்துக்கும், குளிருக்கு அறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அசையாத தெய்வத்தின் இருப்பிடம் கைப்பிடியுள்ள சட்டி! இதைப் படித்தபோது முதலில் ஏமாற்றமடைந்தேன். பின்னர் அப்படியல்ல என்று தோன்றியது. சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கும் அறைக்கும் நாள்தோறும் நடந்தவள் யார் என்று கேட்டால் போதும். கவிதையும் தத்துவமும் நடுவிடம் என்றன. பைதகொரஸ் வழிவந்த பிலொலாஸ் அண்டத்தின் நடுவே ஒரு நெருப்பை வைத்து, அதற்கு ஹெஸ்தியா என்று பெயரிட்டு, பூமியே அதனைச் சுற்றி ஓடுவதாகக் கூறினார். ஒலிந்தஸின் வீட்டிலோ, நடுவிடம் எது என்பதை அன்றன்று ஒரு பெண்ணின் கை தீர்மானித்தது.

அடுத்த வாரம் அவ்வகுப்புக்குப் போனதும், முன்னர் சொன்ன ஆசனக் கதை பழைய நூல் எதிலும் இல்லை, அதைக் குறிப்பேட்டில் வெட்டிவிடுங்கள் என்றேன். சிலர் வெட்டினார்கள்; சிலர் சோம்பலாக இருந்தார்கள். பின்பு ஹெர்மியோனே என்ற ஊரில் பௌசானியஸ் கண்ட ஹெஸ்தியா கோயிலைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போனால் உருவச்சிலை ஒன்றும் இல்லை. ஒரு பலிபீடம் மட்டும் உண்டு. அதன்மேல் அவளுக்குப் பலி இடுகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். மிலேத்தஸின் பெண்களைப் பற்றியும் சொன்னேன். அந்த மாணவி மீண்டும் எழுந்தாள். "சேர், ஆணையை மகளுக்குக் குடுத்தவை எண்டு சொன்னீங்கள். மகனுக்கு அம்மா ஏன் தங்களோட இருந்து சாப்பிடிறேல்லை எண்டு ஆர் சொன்னது?"

இம்முறை நான் கதை ஒன்றும் சொல்லவில்லை. ஹெரொடோட்டஸின் முதல் நூலில் அப்பகுதியைக் காட்டி, அதனை அவளையே வகுப்புக்கு வாசிக்கச் சொன்னேன்.